என் கார் என் கண்ணில் அடித்த இரவு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பாண்டிச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியிருப்போம். அந்தப் பக்கம் அப்போது நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைதான். எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னால் ஏதோ மூட்டை, ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் கார் நெருங்க நெருங்க அவர் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, வெயிலுக்கு மறைப்பதுபோல் நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார். வண்டி லேசாக அலைந்தது, சாலை ஓரத்து மண்ணில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான், கடந்து போய்விட்டோம். கண்ணாடியில் பார்த்தேன், விழவில்லை. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை மட்டும் மடிப்பாக்கம் வரைக்கும் கூடவே வந்தது.

ஏனென்றால் நான் வெளிச்சம் கீழே சாலையில் விழும் லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஹை பீம் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவனைத் திட்டுகிற கூட்டத்தில்தான் நானும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் பழைய ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு மாட்டியிருந்தேன், ஜோடி இரண்டாயிரம் ரூபாய், பத்து நிமிட வேலை. வெள்ளை வெளேரென்று இருந்தது. இவ்வளவு நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலா ஓட்டினோம் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எச்4 என்கிற பல்பு 1971-இல் வந்தது. அதற்குள் இரண்டு இழைகள், லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும், கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தகடு இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் தடுக்கிறது, அதனால் பின்னாலிருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தைச் சாலைக்கு இறக்குகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இந்த இடத்தில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அங்கே ஒரு தட்டையான எல்இடி குச்சியைச் செருகினால், அதன் சில்லு ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கணக்கு கலைந்துவிடும். வெளிச்சம் மரத்துக்கும் போகும், பெயர்ப் பலகைக்கும் போகும், எக்ஸ்எல்லில் வருகிறவர் கண்ணுக்கும் போகும். நான் வெளிச்சத்தைக் கூட்டவில்லை, சிந்திவிட்டிருக்கிறேன்.

மறுநாளே பழைய பல்பை மாட்டிவிட்டேன். மாட்டினால் மறுபடி இருட்டு. கண் ஒருமுறை பழகிவிட்டால் கீழே இறங்காது. அங்கிருந்துதான் லென்ஸ் வைத்த புரொஜெக்டர் ஹெட்லைட் பைத்தியம் பிடித்தது.

ஓடிஜிக்குள் போகாத ஹெட்லைட்

புரொஜெக்டரின் அழகே அது வெளிச்சத்தை வெட்டுகிற விதத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு சின்னக் கிண்ணம் வெளிச்சத்தை ஓரிடத்தில் குவிக்கிறது, அந்த இடத்தில் ஒரு தகடு குறுக்கே நிற்கிறது, முன்னால் புடைத்த லென்ஸ். தகட்டின் மேல் விளிம்பின் உருவத்தை லென்ஸ் தலைகீழாகத் தூக்கிச் சுவரில் போடுகிறது. கீழே பளீரென்ற வெளிச்சம், மேலே கத்தியால் கீறினமாதிரி இருட்டு. ஹை பீம் போட்டால் ஒரு சின்ன மின்காந்தம் ‘டக்’கென்று தகட்டை இழுத்துவிடும், மேல் பாதியும் திறந்துகொள்ளும். சின்ன வயதில் பஸ், லாரி ஹெட்லைட் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருப்பார்களே, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு மாதிரி, அதைச் செய்ய வேண்டிய இடத்தில் செய்தால் இதுதான்.

இதைக் கடையில் கொடுத்தும் செய்யலாம். ஆனால் என் காரை நானே பிரிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்ற பக்கமே நின்றது. அதனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். நான் கிளம்பிவிட்டேன், அதைச் சொல்கிறேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். கார் சாமான்களுக்கு சென்னையில் வேறெங்கே போவது. சீட் கவர், ஸ்டீரியோ, மேட், எல்லாம் ரோட்டிலேயே தொங்கும், நாம் காரை நிறுத்துவதற்குள் நான்கு பையன்கள் பானெட்டைத் திறந்துவிடுவார்கள். ஒரு சின்னக் கடையில் லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒன்றிலேயே வரும் இரண்டரை அங்குல பை-எல்இடி புரொஜெக்டர் ஜோடி கிடைத்தது, ஒன்பதாயிரம். பின்பக்கம் மரை போட்ட குழாய், அதை எச்4 ஓட்டைக்குள் விட்டு வளையத்தால் இறுக்கிவிடலாம், ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் ‘எல்எச்டி’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். லெஃப்ட் ஹேண்ட்... நாம் இடது பக்கம்தானே ஓட்டுகிறோம், சரி, என்று நானே பதில் சொல்லிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி என்று நாம் சொல்லும் ஹெட்லைட்டின் முன்பக்கம் உண்மையில் பாலிகார்பனேட். அதைப் பின்னால் உள்ள கறுப்புக் கூட்டோடு பியூட்டைல் பசையால் ஒட்டியிருப்பார்கள். நூறு டிகிரி பக்கம் சூடு காட்டினால் பசை இளகி, மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபடும். ஓவனில் பத்து நிமிடம் வைப்பார்கள். அம்மா கேக் செய்யும் குட்டி ஓவனான ஓடிஜியை அளந்து பார்த்தேன், ஹெட்லைட் ஒரு சாண் பெரியது. எனக்கு ஏமாற்றம், அம்மாவுக்கு நிம்மதி. “வேணும்னா மொட்டை மாடியில வை, மே மாசத்து வெயிலுக்கு அதுவே உருகிடும்” என்றாள். உண்மையிலேயே ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். வடாம்தான் காய்ந்தது.

கடைசியில் ஆபீஸ் நண்பரிடம் ஹாட் ஏர் கன் வாங்கி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அதற்குள் ஹெட்லைட்டை வைத்து ஓட்டையில் சூட்டை விட்டேன். அதற்கு முன்னால் பம்பரைக் கழற்ற வேண்டியிருந்தது, அதில் நான்கு கிளிப் உடைந்தன, அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. பார்க்கிங்கில் வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “சார், ஷோரூம்ல கேட்டா மாத்திக் குடுக்க மாட்டாங்களா?” என்று மூன்று முறை கேட்டார். இரண்டாவது ஹெட்லைட் திறந்தபோது ‘பட்’டென்று ஒரு சத்தம், ஹெட்லைட் கூட்டின் ஒரு பிளாஸ்டிக் காது உடைந்துவிட்டது. அதை எபாக்ஸி வைத்து ஒட்டினேன்.

சுவரில் வெளிச்சம் போட்டுப் பார்ப்பது இந்த வேலையில் சுகமான கட்டம். காரைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்து, வெளிச்சமும் இருட்டும் பிரிகிற வெட்டுக் கோடு அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகினேன். அதாவது நூற்றுக்கு ஒன்று சரிவு, பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். இதற்கு நடுவில் ஒரு விஷயம்: டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும் பாருங்கள், அதைத் திருப்பியவர்கள் என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊர் அரிசி மூட்டை என்றால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமே ஹை பீம் ஆகிவிடும். அதற்குத்தான் அந்தச் சக்கரம்.

சுவரில் கோடு விழுந்தது. கோடு என்றால் அப்படி ஒரு கோடு. நடுவரை படுக்கையாக வந்து, அங்கிருந்து வலது பக்கம் மாடிப்படிக் கைப்பிடி மாதிரி மேலே ஏறியது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். முப்பது பேர் பார்த்தார்கள். “செம மச்சி” என்றார்கள். அந்த முப்பது பேரில் பாதிப் பேர் இன்ஜினியர்கள்.

எவன்டா அவன்

மூன்று வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். எதிரே வந்த கார் ஒன்றுகூட எனக்கு டிம் அடிக்கவில்லை, அதுதான் எனக்குச் சான்றிதழ். ஒரே ஒரு இரவு மட்டும், பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டில், இடது ஓரத்தில் லைட் இல்லாமல் நின்றிருந்த குட்டி யானை லோடு வண்டி ஒன்றைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். பிரேக்கை மிதித்து ஒதுங்கிவிட்டேன். தப்பு அந்த டிரைவருடையது என்று முடிவுகட்டினேன். லைட் இல்லாமல் நிறுத்தியது அவன் தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் ஹெட்லைட் ஏன் அவனைக் காட்டவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மச்சினன் வந்து காரைக் கேட்டான், யாரையோ ஏர்போர்ட்டில் இறக்கிவிட வேண்டுமாம். சாவியைக் கொடுத்துவிட்டு, நான் ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் மாவு வாங்கக் கிளம்பினேன். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேர்வதற்கு முன் ஒரு நீளமான வளைவில்லாத துண்டு உண்டு, தெருவிளக்கு பாதி எரியும், மழைநீர் வடிகால் வேலைக்காகத் தோண்டி ஒருபக்கம் மண் குவித்திருந்தார்கள். நான் மாவுப் பாக்கெட்டோடு ஓரமாக, மண்ணை ஒட்டித் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன். எதிரே ஒரு கார். தூரத்தில் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு அறுபது எழுபது மீட்டர் வந்ததும் முகத்தில் யாரோ வாளி நிறைய சுண்ணாம்பை ஊற்றினமாதிரி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மண் எங்கே, ரோடு எங்கே தெரியவில்லை. காலை ஊன்றி நின்றேன். “எவன்டா அவன், அறிவுகெட்டவன்” என்று சத்தமாகவே சொன்னேன். கார் என்னைக் கடந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“மாமா, மாவு வாங்கப் போனீங்களா? அக்கா போன் பண்ணுச்சு.”

அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை நெற்றிக்கு மேல் இருந்தது.

அவனை அப்படியே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். “ஹை பீம்ல வந்தியா?” “இல்ல மாமா, லோதான், பாருங்க.” பார்த்தேன், லோதான். மறுபடி வரச் சொன்னேன். நான் தெருவின் நடுவில் நின்றால் கண் கூசவில்லை, கோட்டுக்கு மேல் நல்ல இருட்டு. நான் என் பக்கத்து ஓரத்துக்கு நகர நகர, அந்த ஏறுகிற படி என் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கண்ணுக்கு வந்தது. நான்கு முறை அவனை முன்னும் பின்னும் ஓட்ட வைத்தேன். எதிர் வீட்டு மாமி பால்கனிக்கு வந்துவிட்டார். மச்சினன், “மாமா, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு” என்றான். போகச் சொல்லிவிட்டு மாவுப் பாக்கெட்டோடு அங்கேயே நின்றிருந்தேன்.

கார்க்காரர்கள் ஏன் டிம் அடிக்கவில்லை என்பது இப்போது சுலபமாக விளங்கியது. எதிரே வருகிற கார் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி வருகிறது, அங்கே படி இன்னும் அதிகம் ஏறவில்லை. ஓரமாக யார் வருகிறார்கள்? எக்ஸ்எல், ஸ்கூட்டர், சைக்கிள், நடந்து வருகிறவர். அவர்கள் யாரும் டிம் அடிக்க மாட்டார்கள், கையைத்தான் தூக்குவார்கள். நான் மூன்று வாரமாகக் கார்களிடம் மட்டும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தேடி எடுத்தேன். எல்எச்டி. லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் ஊர், அதாவது சாலையில் வலது பக்கம் ஓட்டுகிற ஊர். அங்கே வலது ஓரம்தான் சொந்த ஓரம். நடந்து போகிறவரும் பெயர்ப் பலகையும் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் மட்டும் கோட்டைப் பதினைந்து டிகிரி சாய்த்து ஏற்றுகிறார்கள். நம் ஊருக்கு அது இடது பக்கம் ஏற வேண்டும். தன் ஓரத்தைப் பார்ப்பதற்காக யாரோ யோசித்து வைத்த வெளிச்சத்தை, நான் அடுத்தவர் ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். என் ஓரம் இருட்டு. குட்டி யானை தெரியாததற்கும் அதுவே காரணம். ஸ்டேட்டஸ் வைத்த போட்டோவைத் திறந்து பார்த்தேன், எல்லாம் அதிலேயே இருந்தது, வலது பக்கம் அழகாக ஏறிக்கொண்டு.

கடைக்காரர் கேட்ட கேள்வி

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கடைக்காரர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், வெளிச்சம் கம்மியா இருக்கா?” இல்லை. “ஃபேன் ஓடுதா?” ஓடுகிறது. “அப்புறம் என்ன சார்?” என்ன என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார், டீகூட வாங்கிக் கொடுத்தார். “சார், நான் இவ்ளோ வருஷமா விக்கிறேன். வெளிச்சம் எவ்ளோ வரும்னு கேப்பாங்க, எத்தனை வாட்டுனு கேப்பாங்க, ப்ளூவா வருமானு கேப்பாங்க. லெஃப்டா ரைட்டானு கேட்ட ஆள் நீங்கதான்.” அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நானே வாங்கும்போது கேட்கவில்லையே. பிரித்து மாட்டிய சாமானைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார், அதுவும் நியாயம்தான்.

பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தகட்டைத் தேய்த்துப் படியை எடுத்துவிடலாம் என்றார். கையில் அரம்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, உருவம் தலைகீழாக விழுகிறது, தகட்டைத் தேய்த்தால் வெளிச்சம் இன்னும் மேலேதான் ஏறும். இறக்க வேண்டுமென்றால் பள்ளமான இடத்தில் தகடு சேர்க்க வேண்டும். அவ்வளவு சூட்டில் நான் ஒட்டிய தகடு என்றைக்கு விழுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஆர்எச்டி, அதாவது ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும் நம் ஊர் வண்டிக்கான ஜோடியை ஆன்லைனில் தேடி வாங்கினேன், இந்த முறை விற்பவரிடம் சுவர்ப் படம் அனுப்பச் சொல்லி, கோடு இடது பக்கம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பணம் அனுப்பினேன். மறுபடி பம்பர், மறுபடி ஃபிரிட்ஜ் பெட்டி, மறுபடி வாட்ச்மேன் அண்ணன் நாற்காலி. “போன மாசம்தானே சார் மாட்டினீங்க?” என்றார். ராங் சைடு லைட் என்றேன். “லைட்ல ராங் சைடு வேற இருக்கா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை பசை சரியாக ஒட்டவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் இடது ஹெட்லைட்டுக்குள் வியர்க்க ஆரம்பித்தது. மழை எச்சரிக்கை என்றால் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊரில், ஹெட்லைட்டுக்குள் நான்கு சொட்டு என்பதற்கு யாரிடம் போய்ப் புலம்புவது. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டிருக்கிறேன். காலையில் ஆவி படிகிறது, பத்து மணி வெயிலுக்குப் போய்விடுகிறது.

ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. இரவில் பார்க்கிங் சுவர், கல்யாண மண்டப காம்பவுண்ட், முன்னால் போகிற லாரியின் பின்பக்கம், எதில் யாருடைய வெளிச்சம் விழுந்தாலும் படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்கிறேன். மனைவி, “ரோட்டைப் பாருங்க” என்கிறாள். ஸ்கூட்டரில் போகும்போது கண் கூசினால் அது பல்பா, தப்பான பக்கமா, டிக்கியில் அரிசி மூட்டையா என்று யோசிக்கிறேன். யோசித்து முடிப்பதற்குள் கடந்து போய்விடுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறது. வயதானவர்களுக்குக் கண் தெளியக் கூடுதல் நேரம் ஆகும். இரண்டு வினாடி என்று வைத்துக்கொண்டாலும் முப்பது மீட்டருக்கு மேல் குருடாகப் போக வேண்டும். எக்ஸ்எல் அந்த வேகத்தில் போகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய ஜோடியை விற்றுவிடலாம் என்று பழைய பொருள் விற்கும் ஆப்பில் நான்காயிரம் ரூபாய்க்குப் போட்டிருந்தேன். இடது ஸ்டீயரிங் வண்டிக்கு மட்டும் என்று எழுதியும் வைத்தேன். சென்னையில் அப்படி எத்தனை வண்டி இருக்கும் என்று எனக்கே தெரியும். போன வாரம் ஒரு பையன் போன் செய்தான், தாம்பரத்திலிருந்து. குரலில் அவசரம், இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். அதில் எழுதியிருப்பதைப் படித்தாயா தம்பி என்றேன்.

“படிச்சேன் ணா. அதெல்லாம் பரவால்ல. வெளிச்சம் எப்படி ணா இருக்கும்?”

சூப்பராக இருக்கும் என்றேன், அது உண்மை. ஆனால் விற்றுவிட்டது தம்பி, ஆப்பில் எடுக்க மறந்துவிட்டேன் என்றும் சொன்னேன். போனை வைத்ததும் விளம்பரத்தை அழித்தேன். பெட்டி பரணில் இருக்கிறது, கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில். அதை எப்போது எடைக்குப் போடப்போகிறாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.